எரியாத கொட்டகை

இன்று என் கொட்டகை எரியவில்லை.
எந்தச் செய்தித்தாளும் இதைப் போடாது.
அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

சஸ்காச்சுவானில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, என்னைவிடப் பதினான்கு வயது மூத்த டிராக்டர்
மூக்கொழுகி நிற்கிறது.
கார்புரேட்டருக்குக் கீழே ஒரு சொட்டு.
எண்ணிப் பார்த்தேன்,
பதினோரு நொடிக்கு ஒன்று.

மூலையில் விறகடுப்பு, கணகணவென்று.
மூட்டியவளும் நான்தான்.
ஸ்பேனர் பிடிக்க விரல் வளைய வேண்டாமா?

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
பெட்ரோல் அந்தப் பழமொழியைப் படித்ததில்லை.
புகையாமல், நிறமில்லாமல்,
மேலே போகத் தெரியாமல்
தரையோடு தரையாக ஊர்ந்து போகும்,
அடுத்த வீட்டில் அடுப்பு மூட்ட
நெருப்பு கேட்கப் போகிறவளைப் போல.
அடுப்பு பதினெட்டு அடி தள்ளி இருந்தது.
அவளுக்கு அது ஒரு தூரமா?

டேங்கின் அடைப்பானைத் திருகினேன்.
இரண்டு பக்கக் கதவையும் அகலத் திறந்தேன்.
சமவெளி முழுவதும் உள்ளே வந்தது,
என் காதுகளைத் தேடிக்கொண்டு.
மூக்குக்கு ஒன்றும் எட்டாத வரை காத்திருந்து
தணலை இரும்பு வாளியில் அள்ளி
அந்தப் பக்கக் கதவு வழியே பனியில் கொட்டினேன்.
ஸ்ஸ் என்றது,
திட்டு வாங்கிய பிள்ளைபோல.

அப்புறம் பாட்டரி.
கழற்றும்போது எர்த் முதலில்,
மாட்டும்போது எர்த் கடைசியில்.
இந்தக் கிழத்துக்குப் பாசிட்டிவ்தான் எர்த் என்பதைத்
தலைகீழாய் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்வில் ட்வைட் அப்போது வந்தார்.
வாயில் சிகரெட்.
"பற்றவைக்கவில்லை, பற்றவைக்கவில்லை"
என்று இரண்டு கையையும் தூக்கினார்.
வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றேன்.
கதவோரப் பனியில் அதைச் செங்குத்தாக நட்டார்,
ஏதோ முளைக்கப் போவதுபோல.

"மார்லிஸ், உறைந்து சாகப் போகிறாயா?"
அவருடைய இடது புருவம் எண்பத்தேழில் போனது,
டேங்குக்குள் தீக்குச்சி வெளிச்சத்தில்
எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த அன்று.
இன்னும் திரும்பி வரவில்லை.
நான் எதுவும் சொல்லவில்லை.

எக்ஸாஸ்ட் குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில்
சுண்டெலி கட்டிய வீடு:
கோதுமைத் தாள், கட்டுக்கயிற்றின் நார்,
என் இருக்கையிலிருந்தே திருடிய பஞ்சு.
நல்ல வேலைப்பாடு.
பஞ்சை எங்கே வைக்கக் கூடாது என்று
எலிக்கு யார் சொல்வது?
நாலு பிடி எடுத்தேன். இன்னும் இருந்தது.

கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினால்
கார்க் வளையம் பொரிபோல நொறுங்கியது.
புதியது இரண்டு டாலர் நாற்பது சென்ட்.
நவம்பரில் வாங்கியது,
அன்றிலிருந்து சட்டைப்பையில்.
மாட்டினேன். அடைப்பானைத் திறந்தேன்.
பதினொன்று. இருபது. அறுபது.
ஆர்வில் நூறு வரை எண்ணினார்,
நார்வேஜிய மொழியில், நடுவில் ஒன்றிரண்டை விட்டுவிட்டு.
சொட்டு இல்லை.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளை
வெளியே வேலிக் கம்பியில் விரித்துப் போட்டேன்.
சுருட்டி மூலையில் போட்டால்
தனக்குத் தானே சூடேறும் அது,
சொல்லாமல் வைத்திருக்கும் பேச்சைப் போல.

"இனி அடுப்பு?" என்றார்.
"நாளைக்கு."

அப்போதுதான் அவர், சும்மா,
கை எங்கேயாவது இருக்கட்டும் என்று,
ஆணியில் தொங்கிய தீயணைப்பானை எடுத்தார்.
தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.
முள் சிவப்பில்.

சீட்டில் என் கணவர் லெஸ்டரின் கையெழுத்து:
ஏப்ரல், இரண்டாயிரத்து ஒன்பது.
லெஸ்டர் போனது பத்தில்.

தீயணைப்பு வண்டி இங்கே வர நாற்பது நிமிடம்.
பனி விழுந்தால் வராது.
இருவரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஆர்வில் நெற்றியைத் தடவினார்,
புருவம் இருக்க வேண்டிய இடத்தில்.

கடை ஐந்தரைக்கு மூடும்.
காலித் தீயணைப்பானைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து
பெல்ட் போட்டேன்.